புது மேனேஜர்: பெயரைப் பார்ப்பதா, கையில் இருக்கும் அணியைப் பார்ப்பதா?

மேனேஜரை (தலைமைப் பயிற்சியாளரை) வேலையை விட்டு அனுப்பிய கால்பந்து கிளப்புக்கு மூன்று வழி உண்டு. உதவிக் கோச்சையோ அகாடமிக் கோச்சையோ மேலே ஏற்றலாம். தன் பாணிக்கு அணியையே மாற்றியமைக்கும் பெரிய பெயரைக் கொண்டுவரலாம். இருக்கிற ஆட்டக்காரர்களுக்கு ஒத்துப்போகிற பாணிக்காரரைத் தேடலாம். என் ஓட்டு மூன்றாவதுக்கு.

உள்ளாளை ஏற்றினால் வேறு கிளப்புக்கு இழப்பீடு கட்ட வேண்டாம், பழக்கமும் இருக்கும். 1974இல் மேனேஜர் ஷாங்க்லி விலக, உதவியாளர் பெய்ஸ்லி லிவர்பூலுக்கு மூன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தார். 2008இல் பார்சிலோனாவின் பி அணியிலிருந்து (இரண்டாம் அணி) மேலே வந்த குவார்டியோலாவும் அப்படி உள்ளிருந்து ஏறி வென்றவர்தான். ஆனால் இந்த இருவரை வைத்து விதி எழுத எனக்குத் துணிவில்லை. இடைக்கால மேனேஜரின் முதல் சில வெற்றிகளைப் பார்த்து நீண்ட ஒப்பந்தம் நீட்டுவதுதான் பெரிய பொறி. எவ்வளவு மோசமான ஓட்டமும் ஓரளவு தானாகவே நிமிரும். அந்தப் புகழ் புதியவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

மற்ற இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டுவது ஒரே கேள்வி: இவர் வந்தால் எத்தனை பேரை மாற்ற வேண்டும்?

2024 கோடையில் லிவர்பூலுக்கு மேனேஜராக வந்த ஸ்லாட், அந்தப் பருவம் ஆடுவதற்குப் புதிதாகப் பெற்றது கியேசா என்ற ஆட்டக்காரர் ஒருவரை மட்டுமே. ஏற்கெனவே இருந்த கிராவன்பெர்கை நடுக்களத்தில் பின்னுக்கு இறக்கினார். பிரீமியர் லீக் பட்டம் வந்தது. முந்தைய மேனேஜர் க்ளாப் வலுவான அணியை விட்டுப்போனார் என்பதும் உண்மை. அதே ஆண்டு நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அமோரிம், பின்னால் மூன்று டிஃபென்டர்களை நிறுத்தும் தன் 3-4-2-1 வடிவத்தை விடவில்லை. யுனைடெட்டோ நான்கு டிஃபென்டர்களையும் விங்கர்களையும் (ஓரத்தில் தாக்கி ஆடுபவர்கள்) வைத்துக் கட்டிய அணி. விங்கர் ராஷ்ஃபோர்ட் வேறு கிளப்புக்குக் கடனாகப் போனார், விங் பேக் (ஓரம் முழுவதும் மேலும் கீழும் ஓடுபவர்) டோர்கு விலைக்கு வந்தார், பருவம் 15ஆம் இடத்தில் முடிந்தது.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. 5 கோடி யூரோவுக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியவரின் விலை, கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 1 கோடியாகக் கழியும். இரண்டு ஆண்டில் மீதி 3 கோடி. புது மேனேஜருக்கு அவர் வேண்டாம் என்பது ஊருக்கே தெரிந்தபின் 2 கோடிதான் கேட்பார்கள். 1 கோடி நஷ்டம். இப்படி ஐந்து பேர் என்றால், மேனேஜருக்குக் கட்டும் இழப்பீடு சில்லறையாகத் தெரியும்.

ஆகவே நேர்காணலுக்கு முன்பே, அதிக நிமிடம் ஆடிய 18 பேரின் பட்டியலை எடுங்கள். வேட்பாளர் கடைசி இரண்டு பருவம் ஆடிய வடிவத்தில் ஒவ்வொரு இடத்திலும் யாரைப் போடலாம் என்று எழுதுங்கள். இரண்டு மூன்று இடம் காலியாக இருந்தால் ஒரு டிரான்ஸ்பர் விண்டோவில் (ஆட்டக்காரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம்) நிரப்பலாம். ஐந்தைத் தாண்டினால் குறைந்தது இரண்டு விண்டோ ஆகும். அதுவரை தோல்விகளைத் தாங்க நிர்வாகம் தயாரா? வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது. மெதுவாக ஓடும் சென்டர் பேக்குகளை (நடுவில் நிற்கும் டிஃபென்டர்களை) வைத்துக்கொண்டு தற்காப்பு வரிசையை மேலே ஏற்றினால், முதுகுக்குப் பின்னால் விழும் ஒவ்வொரு பந்தும் கோல் வாய்ப்பு.

கூடவே வரும் நாலைந்து உதவியாளர்களின் ஒப்பந்தத்தையும் பாருங்கள். மேனேஜரை நீக்கும்போது அவர்களுக்கும் பணம் போகும்.

பருவத்தின் நடுவில், கீழ் லீக்குக்கு இறங்கும் பயம் இருக்கும்போது மட்டும் நானும் உள்ளாளையே வைப்பேன், கோடை வரைக்கும்.