விதியா, வாசிப்பா: ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு எந்த வழி?

தமிழ்வழியில் படிக்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, இலக்கண விதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அதன்படி பத்து வாக்கியங்களை மாற்றச் சொல்வது. இன்னொன்று, நிறையப் படிக்கவும் கேட்கவும் வைத்து, இலக்கணம் தானாகப் படியட்டும் என்று விடுவது. டியூஷன் சென்டர்கள் முதல் வழியை விடுவதில்லை. ஆசிரியர் பயிற்சி முகாம்களில் இரண்டாவதைத்தான் புகழ்கிறார்கள். மொத்தமாக எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் விடை கிடைக்காது. தமிழும் ஆங்கிலமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் விதி வேண்டும், அதையும் தமிழிலேயே விளக்க வேண்டும். மற்ற இடங்களில் வாசிப்புதான் வேலை செய்கிறது.

தேர்வை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 2019-20 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஒரே தாள், 100 மதிப்பெண். முதல் பகுதியின் 14 ஒரு மதிப்பெண் கேள்விகளில் ஆறு, சினானிமுக்கும் (ஒத்த சொல்) ஆன்டனிமுக்கும் (எதிர்ச்சொல்) போய்விடுகின்றன. மீதி பன்மை, முன்னொட்டு, ஃப்ரேசல் வெர்ப், பிரிபொசிஷன், டென்ஸ், லிங்கர் (வாக்கியங்களை இணைக்கும் சொல்) என்று ஒவ்வொன்றாக வரும். ஆக்டிவ்-பாஸிவ், டைரக்ட்-இன்டைரக்ட், நிறுத்தக்குறி, வாக்கியம் சேர்த்தல், சொற்களை வரிசைப்படுத்தல் ஆகிய ஐந்தில் மூன்றுக்கு விடை எழுதினால் ஆறு மதிப்பெண். கடிதம், அறிவிப்பு, பத்தி என்று பிள்ளை சொந்தமாக வாக்கியம் அமைக்க வேண்டிய இடங்களில் இதைவிடப் பன்மடங்கு மதிப்பெண் இருக்கிறது. ஆனால் வகுப்பில் நேரம் போவது அந்த ஆறு மதிப்பெண் மாற்றல் கணக்குக்குத்தான்.

விதி வழியின் பலம், பலவீனம்

முக்கால் மணி நேர வகுப்பில் ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சொல்லித்தர முடிவது இந்த வழியின் பெரிய பலம். நோட்டைத் திருத்துவது எளிது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராத ஆசிரியரும் சரியாக நடத்தலாம். இதை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

பிரச்சினை அடுத்த படியில் வருகிறது. பாஸிவ் வாய்ஸை, அதாவது செயப்பாட்டுவினையை, எடுத்துக்கொள்வோம். 'ராம் ஈட்ஸ் எ மேங்கோ' என்பதைப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுகிறான். ஆனால் பாஸிவ் எப்போது தேவைப்படும் என்று அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. 'மாம்பழம் ராமால் உண்ணப்படுகிறது' என்று தமிழில் யாரும் பேசுவதில்லை என்பதால், அது தேர்வுக்கு மட்டும் உரிய விநோதம் என்று முடிவு கட்டிவிடுகிறான். பேச்சுத் தமிழிலிருந்து தொடங்கினால் நிலைமை மாறும். 'ஜன்னலை உடைச்சுட்டாங்க', 'கரண்டை நிறுத்திட்டாங்க', 'ரோட்டைத் தோண்டிட்டாங்க' என்கிறோமே, அந்த 'ஆங்க' யார்? யாரோ. செய்தவர் முக்கியமில்லை, நடந்ததுதான் முக்கியம். இப்படி ஆள் தெரியாத 'ஆங்க' வரும் இடங்களில் ஆங்கிலம் பெரும்பாலும் பாஸிவ்வைப் பிடிக்கும்: 'த விண்டோ ஹேஸ் பீன் புரோக்கன்', 'த ரோடு ஹேஸ் பீன் டக் அப்'. 'பை' போட்டு ஆளைச் சேர்க்கும் வாக்கியங்களைவிட, ஆளே இல்லாத இந்த வாக்கியங்களைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். குழாய் உடைந்தது பற்றிப் புகார்க் கடிதம் எழுதும்போது அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் இவைதான்.

வாசிப்பு வழிக்கு ஆதாரம் உண்டா?

உண்டு, அதுவும் நம் பக்கத்திலேயே. ஆங்கிலக் கல்வி அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு முயற்சியை நடத்தினார். உலகெங்கும் மொழிக் கல்வி படிப்பவர்கள் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று அறிவார்கள். இலக்கணப் பாடத்திட்டமே கிடையாது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற வேலைகளை ஆங்கிலத்தில் செய்ய வைத்தார்கள். மனம் பொருளில் இருக்கும்போது வடிவம் உள்ளே இறங்கும் என்பது நம்பிக்கை.

அந்தத் திட்டத்தைப் பற்றி பெரெட்டா, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1985-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், வழக்கமான முறையில் படித்த பிள்ளைகள் தனி வாக்கிய இலக்கணத் தேர்வில் முந்தினார்கள். திட்டத்தில் படித்தவர்கள் வேலை சார்ந்த தேர்வில் முந்தினார்கள். அவரவர் பயின்றதில் அவரவர் தேறியதில் வியப்பில்லை. சொல்வதை எழுதுதல், சூழலோடு வரும் இலக்கணம் போன்ற பொதுத் தேர்வுகளில் பெரும்பாலும் திட்டப் பிள்ளைகள் மேலே இருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. விதி சொல்லாமலும் இலக்கணம் வந்திருக்கிறது. ஆனால் அந்த வழிக்கு வகுப்பு முழுக்க ஆங்கிலத்திலேயே பேசித் தாக்குப்பிடிக்கக்கூடிய ஆசிரியர் வேண்டும், அவசரப்படாத சில வருடங்களும் வேண்டும். பத்தாம் வகுப்பில் ஜூன் மாதம் வந்து நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் வாய்ப்பதில்லை.

விதி கட்டாயம் தேவைப்படும் இடங்கள்

முதலிடம் இன்டைரக்ட் ஸ்பீச்சுக்கு, அதாவது ஒருவர் சொன்னதை நம் வாக்கியத்தில் சொல்வதற்கு. 'ரவி நான் நாளைக்கு வரேன்னு சொன்னான்' என்று சொல்கிறோம். 'நான்' மாறவில்லை, 'நாளைக்கு' மாறவில்லை, காலமும் மாறவில்லை. 'ன்னு' என்ற ஒன்றே எல்லாவற்றையும் சுமந்துகொள்கிறது. அதனால்தான் பிள்ளை 'ரவி டோல்ட் தட் ஐ வில் கம் டுமாரோ' என்று எழுதுகிறான். இந்தத் தவறு எத்தனை கதை படித்தாலும் எளிதில் போகாது. இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் தமிழ் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் மேலும் கீழும் எழுதிக் காட்டிவிட்டு, மூன்று கேள்விகளை எப்போதும் இதே வரிசையில் கேட்கப் பழக்க வேண்டும்: சொன்னவர் யார் ('ஐ' இப்போது 'ஹி'), சொன்னது எப்போது ('வில்' இப்போது 'வுட்'), அந்த 'நாளை' இன்னும் நாளையா ('த நெக்ஸ்ட் டே'). 'டோல்ட்' வந்தால் யாரிடம் என்று ஓர் ஆள் கட்டாயம் வேண்டும், 'செட்' வந்தால் வேண்டாம். கேள்வி வாக்கியத்தில் ஒரு தொல்லை கூடுதல். 'எங்கே போறேன்னு கேட்டான்' என்பதில் தமிழ்ச் சொல்வரிசை அசைவதே இல்லை. ஆங்கிலத்தில் 'வேர் ஆர் யூ கோயிங்' என்ற கேள்வி வரிசை, 'வேர் ஐ வாஸ் கோயிங்' என்று சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்ப வேண்டும். மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது பாஸ்ட் பெர்ஃபெக்ட். 'நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்' என்று இயல்பாகப் பேசுகிறோம். அதை அப்படியே 'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை' என்று மாற்றிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹேட் கான்' வர, அதற்குப் பிந்திய இன்னொரு கடந்தகால நிகழ்ச்சி பக்கத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 'வென்ட்' போதும். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய இந்த விதி பல பக்கப் பயிற்சியை மிச்சப்படுத்தும்.

'ஐ ஆம் நோயிங்' வருவதற்குக் காரணம், 'போகிறேன்' என்ற ஒரே வடிவம் 'ஐ கோ', 'ஐ ஆம் கோயிங்' இரண்டுக்கும் நிற்பது. இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. 'கொண்டிருக்கிறேன்' சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' பொருந்தும். 'பிடித்துக்கொண்டிருக்கிறது', 'வேண்டிக்கொண்டிருக்கிறது' என்றால் பொருளே மாறிவிடும் அல்லது உளறலாகும். பிடிக்கும், வேண்டும், தெரியும் ஆகியவற்றுக்கு ஆங்கிலத்திலும் 'இங்' வராது.

'த', 'எ' இரண்டுக்கும் பாதி உதவி தமிழில் கிடைக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று, 'எ புக்'. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நமக்குத் தெரிந்த அது, 'த புக்'. அஃறிணைச் செயப்படுபொருளுக்கு இந்த ஐகாரச் சோதனை நன்றாக வேலை செய்யும். எழுவாயிலும் இடப்பெயர்களிலும் செய்யாது. அங்கே விதிப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வாசித்துப் பழகுவதுதான் வழி.

விதி தோற்கும் இடங்கள்

பிரிபொசிஷனுக்கு விதி எழுதிப் பார்த்தவர்கள் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள். வீட்டில், மேசையில், பஸ் ஸ்டாண்டில் என்று நமக்கு ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் இன், ஆன், அட். இவற்றைத் தனியாகக் கற்கவே கூடாது. 'அட் த பஸ் ஸ்டாண்ட்', 'ஆன் மண்டே', 'குட் அட் மேத்ஸ்' என்று ஒட்டிய துண்டாக வாயில் பழக வேண்டும். 'டிஸ்கஸ் அபவுட்' என்ற தவறு நம் 'பற்றி'யிலிருந்து வருகிறது, 'ரீச்ட் டு சென்னை' நம் 'க்கு'விலிருந்து வருகிறது. வினைச்சொல்லை அதற்குப் பின்னால் வருவதோடு சேர்த்தே குறித்துக்கொண்டால் இரண்டும் வராது.

வினையும் பெயரும் சேரும் சேர்க்கைகளும் அப்படியே. தமிழில் லைட் போடு, சட்டை போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு. ஆங்கிலத்தில் ஸ்விட்ச் ஆன், புட் ஆன், சைன், ஃபைட். 'போடு' என்றால் 'புட்' என்று பொருள் எழுதிக்கொண்ட பிள்ளை நாலில் மூன்றில் தவறுவான்.

சொற்பட்டியலா, கதைப் புத்தகமா?

ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்ற பட்டியல் மனப்பாடத்தை முற்றாக ஒதுக்க வேண்டாம். 1920-களில் டாக்காவில் ஆங்கிலக் கல்விப் பணி செய்த மைக்கேல் வெஸ்ட், 1953-இல் ஏறக்குறைய 2000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் மாறுவடிவங்களும்) கொண்ட பட்டியலை வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நாலு பங்குச் சொற்கள் அதற்குள் அடங்கிவிடும். அந்த 2000 தெரியாத பிள்ளைக்குப் பட்டியல்தான் குறுக்குவழி. அதைத் தாண்டியவனுக்குப் பட்டியலால் பயன் குறைவு, ஏனென்றால் அரிதான சொற்கள் திரும்பக் கண்ணில் படாமல் மறந்துபோகும்.

வாசிப்பில் நடக்கும் பெரிய தவறு புத்தகத் தேர்வு. யார் உதவியும் இல்லாமல் புரிந்து படிக்க நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்லறிவு ஆய்வில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. பத்தாம் வகுப்பு உரைநடைப் பாடத்தில் ஒரு பத்தியில் எட்டுப் பத்துச் சொல் தெரியாமல் திணறும் பிள்ளைகள் ஏராளம். அது பாடமாகப் படிக்க வேண்டிய பகுதி, வாசிப்புப் பழக்கத்துக்கு உதவாது. அவர்களுக்கு ஆறாம், ஏழாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் துணைப்பாடக் கதைகளைக் கொடுங்கள். கூச்சப்படுவார்கள். நூறு சொல்லை எண்ணி, தெரியாதவற்றை அவர்களையே பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னால், எந்தப் புத்தகம் தங்களுக்கு ஏற்றது என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

சொல்லைக் குறித்துவைக்கும் முறையும் முக்கியம். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்பதைவிட, ஒரு பக்கம் வாக்கியத்தில் கோடிட்ட இடம், மறுபக்கம் சொல்லும் பொருளும் என்று இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்ற இடைவெளியில் திரும்பப் பார்க்க வேண்டும். தவறினால் அந்த அட்டை மறுபடியும் முதல் நாள் கட்டுக்குப் போகும். ஒரே பொருளைச் சுற்றிவரும் சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் கடன். 'ரிமைண்ட்', 'ரிமெம்பர்' இரண்டும் நினைவு. சேர்த்துப் படித்தால் எது எது என்று கடைசிவரை குழம்பும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு, இரண்டு வாரம் கழித்து மற்றது. சினானிம், ஆன்டனிம் பட்டியல்களை இணை இணையாக ஒப்பிக்க வைப்பதில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

அகராதியில் பெரிய சண்டை இல்லை. முதலில் தமிழ்ப் பொருள் தரும் அகராதி, பிறகு எடுத்துக்காட்டு வாக்கியத்துக்காக ஆங்கிலத்திலேயே எளிமையாக விளக்கும் மாணவர் அகராதி. போனில் முழு வாக்கியத்தையும் மொழிபெயர்த்துப் பார்ப்பது வேறு கதை. முதலில் தானே எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட்டால் பயன் உண்டு, வரிசையை மாற்றினால் கையெழுத்துப் பயிற்சிதான் மிஞ்சும்.

இரண்டு வழியும் சேரும் ஒரு பயிற்சி

வாரம் ஒருமுறை, அரை மணி நேரம். அந்த வாரத்தில் விளக்கிய இலக்கணம் மூன்று முறையாவது வரும்படி, ஆறு வாக்கியத்தில் ஒரு சிறு பத்தியை ஆசிரியர் தயார் செய்ய வேண்டும். முதல் முறை இயல்பான வேகத்தில் படிக்கும்போது பிள்ளைகள் பேனாவைத் தொடக் கூடாது. இரண்டாம் முறை படிக்கும்போது முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கலாம். பிறகு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து அந்தப் பத்தியைத் திரும்பக் கட்ட வேண்டும். சொல்லுக்குச் சொல் ஒத்திருக்க வேண்டாம், பொருளும் இலக்கணமும் சரியாக இருந்தால் போதும். கடைசியில் மூலப் பத்தியைப் பலகையில் எழுதி ஒப்பிட வேண்டும். 'வாஸ்' போடுவதா 'ஹேட்' போடுவதா என்று இருவரும் தமிழில் வாதாடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் விதி கைக்கு வருகிறது. தமிழில் பேசுகிறார்களே என்று அதட்டி நிறுத்தக் கூடாது.

இது கெட்டுப்போவது இரண்டு காரணங்களால். மெதுவாக, சொல் சொல்லாகப் படித்தால் வெறும் டிக்டேஷன் ஆகிவிடும். ஒரு வாக்கியத்தில் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் பின்வரிசை கைவிட்டுவிடும். திருத்தும்போது அந்த வார இலக்கணத் தவறுகளை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். விடையை எழுதிக்கொடுக்க வேண்டாம், வட்டத்தைப் பார்த்து அவர்களே மாற்றி எழுதி மறுநாள் காட்டட்டும். எழுத்துப்பிழைக்கு அன்றைக்கு விலக்கு.