காற்றில் ஓடும் டயாஃபிரம் பம்ப்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

திருப்பூரில் உள்ள எங்கள் சாயப்பட்டறையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், சுண்ணாம்புச் சேற்றை, துணிகளுக்கிடையே அழுத்தி நீரைப் பிரிக்கும் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு ஏற்றுவதற்காக ஒன்றரை அங்குல டயாஃபிரம் பம்ப் ஒன்றை வாங்கிப் பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. உடல் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக், டயாஃபிரம் எனப்படும் வளையும் தகடு சான்டோபிரீன் என்ற ரப்பர் போன்ற பொருள். மோட்டார் கிடையாது, கம்ப்ரசர் காற்றுதான் இதை ஓட்டுகிறது. ஒரே தண்டின் இரு முனைகளில் உள்ள இரண்டு டயாஃபிரம்களின் பின்புறம் காற்று மாறி மாறிப் பாய, ஒரு பக்கம் சேற்றை உறிஞ்சும்போது மறுபக்கம் வெளியே தள்ளுகிறது. 1955-இல் அமெரிக்காவில் ஜிம் வில்டன் உருவாக்கிய அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை.

வேலையைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கில்லை. சேறு தீர்ந்து வெறுமனே ஓடினாலும் கெட்டுப்போவதில்லை. பிரஸ் நிறைய நிறைய 'டக் டக்' என்ற துடிப்பு மெதுவாகி, முழுதும் நிறைந்ததும் தானாகவே நின்றுவிடுகிறது. தொடக்கத்தில் 2 பார் அழுத்தத்தில் ஓட்டி, துடிப்பு தளரத் தளர 6 பார் வரை சிறிது சிறிதாக உயர்த்தினால், பிரஸ் துணி அடைபடாமல் கேக் (நீர் பிரிந்த சேற்றுக்கட்டி) கெட்டியாக விழுகிறது.

ஆனால் இப்படித் தானாக நிற்பதுதான் இந்தப் பம்ப்பின் ஆபத்தான குணம் என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். வாங்கிய மூன்றாம் மாதம், பம்ப் ஓடவில்லையே என்று நினைத்து ஆபரேட்டர் தம்பி வெளியேற்றும் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தியபோது, உள்ளே அடைபட்டிருந்த சேறு சீறி வந்து அவர் முகக் கண்ணாடியில் அறைந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. ஓசை நின்றிருந்தாலும், வரும் காற்றின் அழுத்தம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு அழுத்தம் சேற்றுக் குழாயிலும் அப்படியே நிற்கும். காற்று வால்வை மூடினால் மட்டும் போதாது, காற்றுக் குழாயில் தங்கிய காற்றையும் சேற்றுக் குழாயில் தங்கிய அழுத்தத்தையும் தனித்தனி வடிகால் வால்வு வழியாக இறக்கி, அளவுமானி பூஜ்யம் காட்டிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். அந்த வடிகால் வால்வு பம்ப்புடன் வரவில்லை, நாங்களே பொருத்திக்கொண்டோம்.

விற்றவர்கள் மீது எனக்குள்ள வருத்தம் இங்கேதான். பொருத்த வந்தவர், காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமலேயே 8 பார் கம்ப்ரசர் குழாயை நேரடியாக இணைத்துவிட்டுப் போனார். பம்ப்பின் தகட்டிலோ உச்ச அளவு 7 பார் என்று பொறித்திருக்கிறது. காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் ஃபில்டரும் ரெகுலேட்டரும் பின்னால் வாங்கியவை. ஃபில்டரில் தேங்கும் நீரைத் தினமும் வடிக்காவிட்டால், விரிந்து வெளியேறும் காற்றின் குளிர்ச்சியில், அது வெளியேறும் இடத்தில் ஓசையைக் குறைக்கும் சைலன்சரின் வாயில் பனி படிந்து பம்ப் திணறுகிறது. திருப்பூர் வெயிலில் பனியா என்று முதலில் நாங்களும் சிரித்தோம்.

பதினோராம் மாதம் டயாஃபிரம் கிழிந்தது. சைலன்சர் வழியாகச் சாம்பல் நிற நுரை தெறித்து, எதிர்ச்சுவர் முழுவதும் புள்ளி புள்ளியாகப் படிந்தது. இந்த வகைப் பம்ப்பில் டயாஃபிரம் கிழிந்தால் உள்ளே ஓடும் திரவம் காற்று வெளியேறும் வழியாகத்தான் வரும் என்பதால், அந்த வாய் ஆள் நடமாடும் பக்கம் இருக்கவே கூடாது. இப்போது அங்கிருந்து ஒரு ஹோஸை எடுத்து, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, ஒரு பீப்பாய்க்குள் விட்டிருக்கிறோம். எங்கள் தொட்டி பம்ப்பைவிட உயரத்தில் இருப்பதால், உறிஞ்சும் பக்கமும் ஒரு வால்வு வைத்து இரவில் மூடிவிடுகிறோம். இல்லையென்றால் டயாஃபிரம் கிழிந்த இரவில் தொட்டி முழுவதும் அந்த வழியே வடிந்துவிடும்.

பிளாஸ்டிக் உடலின் போல்ட்டுகள் காலப்போக்கில் தளர்கின்றன. முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகும், பின்னர் மாதம் ஒருமுறையும் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்குகிறோம். ஓசையும் அதிகம், அருகில் நிற்பவருக்குக் காதுறை தேவை.

பக்கத்துப் பிரிண்டிங் பட்டறையினர் கரைப்பான் மாற்றுவதற்காக இதை இரவல் கேட்டார்கள், கொடுக்க மறுத்துவிட்டேன். மின்சாரம் இல்லாத பம்ப் என்பதால் தீப்பொறிக்கு வழியில்லை என்று பலர் நம்புகிறார்கள். பாலிப்ரொப்பிலீன் மின்கடத்தாத பொருள், ஓடும் திரவத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் அதில் தேங்கும். தீப்பற்றும் திரவத்துக்கு உலோக உடலும், பம்ப், ஹோஸ், பீப்பாய் எல்லாவற்றுக்கும் எர்த் இணைப்பும் வேண்டும். அலுமினிய உடலாக இருந்தால் மெத்திலீன் குளோரைடு போன்ற கரைப்பான்களை அதில் ஓட்டவே கூடாது, இரண்டும் வினைபுரிந்து வெடிக்கக்கூடும்.

ரசாயனம் கரைக்கும் தொட்டிக்கு இரண்டாவது பம்ப் தேவைப்படுகிறது. இதே மாதிரியைத்தான் வாங்கப்போகிறேன். ஆனால் இந்த முறை ரெகுலேட்டர், வடிகால் வால்வு, ஒரு ஜோடி டயாஃபிரம் மூன்றையும் விலைப்புள்ளியிலேயே சேர்த்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.