டோஹாவிலிருந்து மட்டக்களப்புக்கு: ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸில் எட்டு ஆண்டுகள்

மட்டக்களப்பாருக்கு விமானப் பயணம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் முடிவதில்லை. டோஹாவிலிருந்து நேரடியாகப் பறந்தால் சுமார் ஐந்து மணித்தியாலத்தில் அங்கே இறங்கிவிடலாம். ஆனால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று ஏறத்தாழ 300 கிலோமீற்றரைக் கடந்து வீட்டு வாசலை மிதிக்க இன்னும் ஆறேழு மணித்தியாலம் வேண்டும். கொரோனாக் காலம் நீங்கலாக எட்டு ஆண்டுகளாக இவ்வழியே போய்வருகிற நான், இருக்கையின் அகலத்தையோ திரையில் ஓடும் படங்களையோ வைத்து ஒரு விமான சேவையை மதிப்பிடுவதில்லை. எத்தனை மணிக்கு என்னைத் தரையிறக்குகிறது என்பதையே முதலில் பார்க்கிறேன்.

நள்ளிரவில் இறங்கினால் மின்னேரியா, வெலிக்கந்தை, புனாணைப் பக்கங்களில் யானை வீதிக்கு வரும் நேரத்தில் அங்கே போய்ச் சேர்வோம். நித்திரை மயக்கத்தில் வாகனம் ஓட்டுபவரின் பக்கத்தில் கண் விழித்தபடி உட்கார்ந்திருப்பது எப்படியென்று அனுபவித்தவர்களுக்கே தெரியும். ஸ்ரீலங்கனில் நான் வந்த பயணங்களில் பெரும்பாலானவை இரவில் டோஹாவில் ஏறி விடியப்புறம் கட்டுநாயக்கவில் இறங்கியவை. வெளிச்சத்தில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இடையில் ஒரு நகரில் மாறி வரும் சேவைகள் சில வேளைகளில் மலிவாகக் கிடைத்தும் நான் இதையே தேர்ந்துகொள்ள இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் மொழி. ஒருமுறை எனக்குப் பக்கத்தில் ஏறாவூரைச் சேர்ந்த வயதான உம்மா ஒருவர் இருந்தார். வீட்டு வேலை செய்துவிட்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஊருக்குத் திரும்புகிறார். இருக்கைப் பட்டியின் கொளுக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “மனே, இது பூட்டுதில்லையே” என்றார். நான் குனிவதற்குள் மயிற்பீலி அலங்காரச் சேலை அணிந்த பணிப்பெண் வந்து, “அம்மா, இந்தப் பக்கத்தால தள்ளுங்க” என்று தமிழிலேயே சொல்லிக் காட்டினார். பிறகு சோறும் கோழிக்கறியும் வைத்தபோது, அது ஹலால் உணவா என்று உம்மா கேட்டதற்கும் தமிழிலேயே பதில் கிடைத்தது. அதற்குப் பின்புதான் அவர் சாப்பிடத் தொடங்கினார். அந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்தச் சேவைக்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

அடிக்கடி பறப்பவர்கள், பறக்கும் தூரத்துக்கேற்ப ‘மைல்கள்’ என்ற புள்ளிகளைச் சேர்த்துத் தரும் ஸ்ரீலங்கனின் ஃபிளைஸ்மைல்ஸ் திட்டத்தில் சேர்வது நல்லது. ஸ்ரீலங்கன் 2014இல் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இணைந்ததால், அதே கூட்டணியிலுள்ள கட்டார் எயார்வேஸில் பறந்தாலும், சீட்டின் வகையைப் பொறுத்து, மைல்கள் இக்கணக்கிலேயே சேரும்.

மலிவை நம்பி ஒருமுறை வேறொரு வெளிநாட்டு நிறுவனத்தில் வந்தேன், பெயர் வேண்டாம். மாறும் நகரில் என் பயணப்பொதி தங்கிவிட்டது. முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊருக்கு வந்தேன். மூன்றாம் நாள் தொலைபேசியில், பொதி வந்துவிட்டது, கட்டுநாயக்கவுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மட்டக்களப்பு எங்கே இருக்கிறதென்று விளக்கியும் பயனில்லை. போய்வர 600 கிலோமீற்றர்; மகளுக்கு வாங்கிய பாதணியும் அம்மாவின் மருந்தும் அதற்குள் இருந்தபடியால் போனேன். விமானப் பயணிகளுக்கான இழப்பீடு பற்றிய மொன்றியல் சர்வதேச உடன்படிக்கையின்படி, தாமதமாகக் கிடைத்த பொதிக்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும், சேதமடைந்த பொதிக்கு 7 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் வாகனச் செலவையாவது கேட்டிருப்பேன். பொதியின் ஒட்டுச்சீட்டையும் ஏறும் அட்டையையும் வீடு சேர்ந்த பிறகும் எறிந்துவிடாதீர்கள்.

ஸ்ரீலங்கனின் நிலைமை கவலையற்றது என்று சொல்ல வரவில்லை. 2022 நெருக்கடியில் நாட்டில் எரிபொருள் இல்லாமல் அதன் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிச் சென்றதை நாம் மறக்கவில்லை. கடன் சுமையும் ஊரறிந்தது. ஆகவே மறுநாள் காலையில் திருமணம், அந்தியேட்டி போன்ற தவறவிட முடியாத காரியம் இருந்தால், எந்த நிறுவனமானாலும் ஒரு நாள் முன்னதாக வரும்படி சீட்டு எடுங்கள். தைப்பொங்கலுக்கு நான் எடுத்திருப்பதும் 12ஆம் திகதி விடியப்புறம் இறங்கும் ஸ்ரீலங்கன் சீட்டுத்தான்.