எல்கேஜி வரைக்கும் ஒரு வீட்டு டேகேர்: எங்கள் அனுபவம்

என் பெண்ணை ஏழாவது மாதத்திலிருந்து எல்கேஜி சேர்க்கும் வரை ஒரு வீட்டு டேகேரில்தான் விட்டிருந்தோம். சென்னை பெரும்பாக்கம் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடி. போர்டு கிடையாது, ரசீது கிடையாது, லைசென்ஸும் கிடையாது. மாதம் 7,000 ரூபாய், ஜிபேயில் அனுப்பிவிடுவோம். "எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று ஆபீசில் கேட்டவர்கள் உண்டு. அதே ஆட்களில் சிலர் தங்களுக்குக் குழந்தை பிறந்ததும் "அந்த அக்கா நம்பர் இருக்கா?" என்று கேட்டதும் உண்டு. நல்லதும் கெட்டதும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இப்படி விடுகிற பெற்றோருக்கு ஆபத்து தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே தெரியும். காலண்டரைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 2017ல் சட்டத்தைத் திருத்தி மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள், நல்ல விஷயம்தான். தமிழக அரசு ஊழியர் என்றால் 2021லிருந்து 12 மாதம். நான் தனியார் கம்பெனி, பிரசவத்துக்கு முன்பே சில வாரம் போய்விட்டது, மிச்சமிருந்த லீவையெல்லாம் துடைத்துச் சேர்த்தும் குழந்தைக்கு ஏழு மாதம் தொடங்கும்போது ஆபீஸ் போயாக வேண்டும். எங்கள் ஏரியாவில் முறைப்படி நடக்கிற டேகேர்களில் விசாரித்தால் ஒன்றரை வயதுக்கு மேல்தான் சேர்ப்போம் என்கிறார்கள். கைக்குழந்தையை எடுத்துக்கொள்கிற ஒரே இடத்தில் மாதம் 16,000, அட்மிஷன் தனி, சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் தனி கட்டணம். ஆக ஏழாவது மாதத்துக்கும் பதினெட்டாவது மாதத்துக்கும் நடுவில் குழந்தையை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது அந்த இரண்டாவது மாடி வீடு மட்டும்தான்.

ஆபீசிலேயே கிரெஷ் இருக்குமே என்பார்கள். அதே 2017 திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது. எங்கள் கம்பெனி அதை நிறைவேற்றிய விதம், ஒரு டேகேரோடு டை-அப் போட்டு பத்து சதவீதம் தள்ளுபடி என்று மெயில் அனுப்பியதுதான். அங்கேயும் ஒன்றரை வயதுதான். அங்கன்வாடி எங்கள் தெருவிலேயே இருக்கிறது, டீச்சரும் நல்லவர், ஆனால் அங்கே இரண்டு வயது ஆன குழந்தைகள்தான், அதுவும் சாயங்காலம் நான் கிளம்புவதற்கு ரொம்ப முன்னாடியே மூடிவிடுவார்கள். அம்மா ஊரில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார், வர முடியாது. மாமியார் இல்லை.

வீட்டுக்கே ஆள் வைப்பதையும் யோசித்தோம். சம்பளம் ஒருபக்கம் இருக்கட்டும், பூட்டிய வீட்டுக்குள் ஒரே ஒரு ஆளும் பேசத் தெரியாத குழந்தையும் என்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. டேகேர் நடத்துகிற அக்கா வீட்டில் ஆறு குழந்தைகள் என்றால் ஆறு ஜோடி பெற்றோர், ஒருவர் எட்டரைக்கு வருவார், இன்னொருவர் மதியம் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவார், கதவு திறந்து திறந்து மூடும். யாராவது ஒருவர் எதையாவது பார்த்துவிடுவார். லைசென்ஸ் இல்லாத இடத்தில் எங்களுக்கு இருந்த கண்காணிப்பு அவ்வளவுதான், ஆனால் அது வேலை செய்தது.

இடம் எப்படி இருக்கும் என்றால், ஹாலில் இரண்டு கோரைப்பாய், உத்தரக் கொக்கியில் ஒரு தூளி, பால்கனி கம்பிக்கு உள்பக்கம் பச்சை ஷேட் நெட் இழுத்துக் கட்டியிருக்கும். கிச்சன் வாசலில் அரை ஆள் உயரத்துக்குப் பலகைக் கதவு, அது அவர் கணவர் செய்தது. டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய டைரி. "10.20 பால் 120, 11.05 தூக்கம், 1.00 பருப்பு சாதம் பாதி, 2 தடவை போச்சு" என்று ஒவ்வொரு குழந்தைக்கும் எழுதி வைத்திருப்பார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பல நாள் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். நான் போய்ப் பார்த்த பெரிய டேகேரில் இதற்கு ஆப் இருந்தது, கேமராவும் இருந்தது. கேமரா விளையாட்டு அறையில் மட்டும், தூங்கும் அறையில் கிடையாது!

சாப்பாடு அவர் வீட்டில் என்ன சமைக்கிறார்களோ அதுவேதான், காரம் போடுவதற்கு முன்னால் எடுத்துவைப்பார். என் பெண் ரசம் சாதமும் சுண்டைக்காயும் சாப்பிடக் கற்றுக்கொண்டது அங்கேதான். அக்காவைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள், இப்போதும் அப்படித்தான்.

நேரம்தான் பெரிய ஆதாயம். ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மெட்ரோ வேலை நடக்கிற காலத்தில் சிறுசேரி ஆபீசிலிருந்து இத்தனை மணிக்கு வந்துவிடுவேன் என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஒரு நவம்பர் மழையில் சோழிங்கநல்லூர் சிக்னலிலேயே இரவு ஒன்பதாகிவிட்டது, என் கணவர் வேளச்சேரியில் தண்ணீரில் மாட்டிக்கொண்டார். அக்காவுக்குப் போன் போட்டால், "நீ பதறாம வா பாப்பா அம்மா, தோசை சாப்ட்டு தூங்கிட்டா" என்றார். கூடுதல் காசு கேட்கவில்லை. நேரமானால் கேட் பூட்டுகிற இடத்தில் விட்டிருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

லேசான காய்ச்சலென்றாலும் எடுத்துக்கொள்வார். இதுதான் நல்லதும் கெட்டதும். எனக்கு லீவு மிச்சமானது, ஆனால் அடுத்த குழந்தையின் சளியை என் பெண் வாங்கி வந்ததும் இதனால்தான். கை கால் வாய் நோய் வந்தபோது மட்டும் ஒரு குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

சரி, கெட்டதற்கு வருகிறேன். ஒருநாள் மதியமே வேலை முடிந்து சொல்லாமல் போனேன். கதவைத் திறந்தது அக்காவின் பையன், காலேஜ் படிக்கிறான், காதில் ஹெட்செட். நான்கு குழந்தைகள் பாயில் தூக்கம், என் பெண் விழித்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே நீல டிரம்மில் தண்ணீர், மூடி ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது. அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வந்ததும், "அரை மணி நேரம்தானேம்மா, தம்பி இருக்கான்ல" என்றார். தவழ்கிற குழந்தைக்கு அரை பக்கெட் தண்ணீரே போதும், அரை மணி நேரமெல்லாம் தேவையில்லை என்று நானும் சத்தமாகவே சொன்னேன். இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் எல்லாப் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினோம். ஆளுக்கு ஐந்நூறு கூடப் போட்டு பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பகலில் உதவிக்கு வைத்தோம், பாத்ரூமுக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டோம், வெளியே போவதாக இருந்தால் குரூப்பில் மெசேஜ் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். யாரும் குழந்தையை எடுத்துக்கொண்டு போகவில்லை. போவதற்கு இடம் இருந்திருந்தால் இரண்டு பேராவது போயிருப்பார்கள்.

"நீங்க லைசென்ஸ் எடுங்களேன் அக்கா" என்று நானே கேட்டிருக்கிறேன். விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தமிழக அரசு 2015ல் விதித்தொகுப்பு கொண்டுவந்தது. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒரு பள்ளி நடத்துகிறவர் வாங்கும் சான்றிதழ்களை வாடகை வீட்டு இரண்டாவது மாடியில் இருப்பவர் எங்கே போய் வாங்குவார்? ஹவுஸ் ஓனர் கையெழுத்துப் போட மாட்டார், கரண்ட் கனெக்‌ஷன் கமர்ஷியலுக்கு மாறும், அசோசியேஷன் சும்மா இருக்காது. அந்த விதிகள் சும்மா எழுதியவை என்று நான் சொல்லவில்லை, 2004ல் கும்பகோணத்தில் ஒரே பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. ஆனால் நானூறு பிள்ளைகள் படிக்கும் கட்டடத்துக்கும் ஆறு குழந்தைகள் தூங்கும் ஹாலுக்கும் ஒரே அளவுகோலா? ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வீட்டுக்கென்று எளிமையாக ஒரு பதிவு, வருடத்துக்கு இரண்டு முறை யாராவது வந்து பார்த்துவிட்டுப் போவது, முதலுதவிப் பயிற்சி, இவ்வளவு இருந்தால் அக்கா முதல் ஆளாகப் போய் நிற்பார். இப்போதைக்கு அவர் செய்யக்கூடியது போர்டு மாட்டாமல் இருப்பதுதான், யாராவது கேட்டால் எல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகள் என்பார். மறைத்து நடத்த வேண்டியிருப்பதால்தான் ஆபத்து கூடுகிறது என்பது என் கருத்து.

சேர்ப்பதற்கு முன் என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு: சொல்லாமல் போய்ப் பாருங்கள், முக்கியமாக மதியம் இரண்டு மணிக்கு. எல்லாக் குழந்தையும் தினமும் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினால் சந்தேகப்படுங்கள். தூங்க வைக்கச் சளி சிரப் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கிறது, நீங்கள் அனுப்பாத எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கிறார்களா, வேர்க்கடலை, முழு திராட்சை கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் வந்துபோகிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்டதற்குக் கோபப்பட்டால் அங்கே விட வேண்டாம். பழைய பெற்றோர் இருவரின் நம்பரையாவது வாங்கிப் பேசுங்கள். ஏற்கெனவே ஒரு வயதுக்குள் இரண்டு குழந்தைகள் இருந்தால் மூன்றாவதாக உங்கள் குழந்தையைச் சேர்க்காதீர்கள், ஒருவருக்கு இரண்டு கைதான்.

வீசிங், ஃபிட்ஸ், கடுமையான அலர்ஜி உள்ள குழந்தை என்றால் இப்படிப்பட்ட இடமே வேண்டாம், கடன் வாங்கியாவது பயிற்சி பெற்ற ஆள் இருக்கும் இடத்தில் விடுங்கள். மற்றவர்கள் மார்ச், ஏப்ரலிலேயே கேட்டு வைத்துவிடுங்கள், பெரிய பிள்ளைகள் எல்கேஜிக்குப் போய் ஜூனில் காலியாகிற இடத்துக்கு அப்போதே ஆள் சொல்லி வைத்திருப்பார்கள்.