பிரிட்டன் நாடாளுமன்ற வெளியுறவுக் குழு: நேரில் போகலாமா, பதிவில் பார்க்கலாமா?

வெளியுறவு பற்றிப் படிக்கிற பிள்ளைகளும் சொல்லிக்கொடுக்கிறவர்களும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டியது, பிரிட்டன் நாடாளுமன்ற மக்களவையின் வெளியுறவுக் குழு நடத்தும் விசாரணை. காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. லண்டனில் இருந்தால் நேரே போய் உட்காரலாம். திருச்சியில் இருந்தால் அந்த நாடாளுமன்றத்தின் இணையத் தொலைக்காட்சியில் நேரலையாகவோ பழைய பதிவாகவோ பார்க்கலாம். நான் இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மகன் குடும்பம் ஹாரோவில் இருப்பதால் லண்டன் போய்வருவதுண்டு.

அமைச்சகத்துக்கு ஒரு குழு என்ற இப்போதைய ஏற்பாடு அங்கே 1979இல் வந்தது. வெளியுறவுக் குழுவில் பல கட்சிகளையும் சேர்ந்த 11 உறுப்பினர்கள். தலைவரை 2010 முதல் அவை முழுவதும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். பதவி கட்சித் தலைமை கையில் இல்லை என்றால், ஆளுங்கட்சிக்காரரே தன் கட்சி அமைச்சரை விடாமல் கேட்க முடியும். 2024 செப்டம்பர் முதல் எமிலி தார்ன்பெரி தலைவர்.

அவையில் நடக்கும் கேள்வி நேரத்தையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அங்கே அமைச்சர் ஒரு பதில் சொல்வார், கூச்சல் எழும், அடுத்த ஆள் எழுந்து வேறு விஷயத்துக்குப் போய்விடுவார். குழுவில் அதே உறுப்பினர் அதே விஷயத்தை இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை கேட்கலாம். உண்மை வெளியே வருவது பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியில்தான்.

இதற்கு நல்ல உதாரணம் 2021 செப்டம்பர் 1ஆம் தேதி விசாரணை. காபூல் தாலிபான் கையில் விழுந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் டொமினிக் ராப் வந்து உட்கார்ந்தார். இந்த ஆண்டுக்குள் காபூல் விழ வாய்ப்பில்லை என்பதே தங்களுக்குக் கிடைத்த மதிப்பீடு என்றார். அப்போது குழுத் தலைவர், ராப்பின் சொந்தக் கட்சிக்காரர், ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய முன்னாள் ராணுவ அதிகாரி டாம் டூகன்ஹாட் ஒரு ஆவணத்திலிருந்து வாசித்தார். தாலிபான் வேகமாக முன்னேறுகிறது, நகரங்கள் விழலாம், பாதுகாப்புப் படைகள் நிலைகுலையலாம், தூதரகத்தை மூட வேண்டி வரலாம் என்று அதில் இருந்தது. இது எங்கிருந்து எடுத்தது என்று ராப் கேட்டார். உங்கள் அமைச்சகத்தின் அபாய அறிக்கைதான், ஜூலை 22ஆம் தேதியிட்டது என்று பதில் வந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை. அந்தச் சில நிமிடங்களை நான் நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்த்தேன். நெருக்கடி நேரத்தில் ஒரு அரசு எதை அறிந்திருந்தது, மேலே இருந்தவரிடம் அது போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியை வகுப்பில் நாள் கணக்கில் நடத்தினாலும் இவ்வளவு தெளிவாக மாணவருக்குப் புரியவைக்க முடியாது. அதே மாதம் 15ஆம் தேதி அவர் வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டார்.

சரி, நேரில் போனால் என்ன கிடைக்கும்? வெஸ்ட்மின்ஸ்டர் சுரங்க ரயில் நிலையத்துக்கு நேர் மேலே இருக்கிறது போர்ட்கல்லிஸ் ஹவுஸ். 2001இல் திறந்த கட்டடம். தேம்ஸ் கரை பக்கத்து வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை. பையில் அதிகம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் போவது நல்லது. உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஆல மரத்துக்கு உறவான அத்தி மரங்கள் வரிசையாக நிற்கின்றன. குழு அறைகள் முதல் மாடியில். சில நாள் கூட்டம் எதிரே இருக்கும் பழைய அரண்மனைக் கட்டடத்திலும் நடக்கும், அதனால் எந்த அறை என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் உறுப்பினர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் பேசுவது வழக்கம். அது முடிந்த பிறகுதான் பொதுமக்களை விடுவார்கள். அதுவரை வெளியே காத்திருக்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது.

மேசை குதிரை லாட வடிவில் இருக்கும். வளைவில் உறுப்பினர்கள், திறந்த பக்கத்தில் சாட்சி சொல்பவர். பொதுமக்களுக்கான நாற்காலிகள் சாட்சிக்குப் பின்னால். ஆக, அமைச்சர் முகம் நமக்குத் தெரியாது, பிடரிதான் தெரியும். ஆனால் வேறொன்று தெரியும். அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளின் கைகள். கேள்வி சிக்கலாகும்போது ஒருவர் தடித்த கோப்பில் வண்ணத் தாள் ஒட்டிய பக்கத்தைத் தேடுவார், இன்னொருவர் துண்டுச் சீட்டில் கிறுக்கி முன்னால் நீட்டுவார், அமைச்சர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி வாங்கிக்கொள்வார். எந்தக் கேள்விக்குச் சீட்டு வருகிறது, எதற்கு வரவில்லை என்று கவனித்தாலே அமைச்சருக்கு எது தெரியும், எது தெரியாது என்று விளங்கிவிடும். கேமரா இதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. அதே சமயம் முகத்தைப் பார்க்கப் பதிவுதான் வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு தடவை நேரில் போங்கள். மற்றதெல்லாம் பதிவில், சில நாளில் வெளியாகும் எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொரு யோசனை. அமைச்சரை விட அதிகாரி வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமைச்சகத்தின் மூத்த அதிகாரி பிலிப் பார்ட்டன் 2021 டிசம்பரில் வந்தார். காபூல் விழுந்தபோது விடுப்பில் இருந்தவர், 11 நாள் கழித்துத்தான் வேலைக்குத் திரும்பினார் என்பதும், முன்பே வந்திருக்க வேண்டும் என்று அவரே நினைப்பதும் அந்த மேசையில்தான் பதிவாயின. அதே சமயம் இளநிலை அதிகாரி ராஃபேல் மார்ஷல் எழுதிக் கொடுத்த சாட்சியத்தையும் குழு வெளியிட்டது. ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற உதவி கேட்டு விண்ணப்பித்தவர்கள் 75,000 முதல் 1,50,000 பேர் இருக்கும், 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே ஏதாவது உதவி கிடைத்தது என்பது அவர் கணக்கு. ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் திறக்கப்படாமலே கிடந்தன என்று எழுதியிருந்தார். உயிருக்குப் பயந்து ஒருவர் அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்க்கக்கூட ஆள் இல்லை என்று படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. 2022 மே மாத அறிக்கையில் பார்ட்டன் தன் பதவி பற்றி யோசிக்க வேண்டும் என்றே குழு எழுதியது.

குறைகளும் உண்டு, சின்னக் குறைகள் இல்லை. வர மறுப்பவரைக் கட்டி இழுத்துவர இந்தக் குழுவுக்கு நடைமுறையில் வழியில்லை. 2011 லிபியா தாக்குதல் தவறான அனுமானங்களின் மேல் நடந்தது என்று 2016 செப்டம்பரில் கடுமையான அறிக்கை வந்தது. ஆனால் அந்த முடிவை எடுத்த அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் வாய்மொழிச் சாட்சியம் அளிக்க வரவே இல்லை. அறிக்கைக்கு அரசு இரண்டு மாதத்தில் பதில் தர வேண்டும் என்பது மரபு. அந்தப் பதில்களைப் படித்துப் பாருங்கள், 'குழுவின் கருத்தைக் கவனத்தில் கொள்கிறோம்' என்கிற ரகம்தான் நிறைய.

அதைவிட என்னை உறுத்துவது, அதிகாரம் இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரும்போது நடப்பது. 2003 ஜூலை 15இல், இராக் ஆயுத விவகாரத்தில் செய்தியாளரிடம் பேசியதற்காக டேவிட் கெல்லி என்ற விஞ்ஞானியை அழைத்தார்கள். குரல் எழும்பாமல் பேசினார். சத்தமாகப் பேசச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் விசாரணையைத் திசைதிருப்ப வீசப்பட்ட பதர் நீங்கள் என்று ஒரு உறுப்பினர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். 18ஆம் தேதி அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. கேள்வி கேட்கும் வேலை எவ்வளவு பொறுப்பானது என்று மாணவர்களிடம் சொல்லும்போது ராப் விசாரணையோடு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

நம் நாடாளுமன்றத்திலும் வெளியுறவு நிலைக்குழு இருக்கிறது. 31 உறுப்பினர்கள், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கூட்டம் மூடிய அறையில்தான் நடக்கும். நமக்குக் கிடைப்பது அறிக்கை மட்டும். கேமரா இல்லாததால் உறுப்பினர்கள் கட்சிக் கோட்டைத் தாண்டி மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. 2017இல் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற டோக்லாம் பற்றி 2018இல் சசி தரூர் தலைமையிலான குழு தந்த அறிக்கை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனாலும் எல்லையில் என்ன நடந்தது என்று வெளியுறவுச் செயலரிடம் யார் எதைக் கேட்டார்கள், அவர் எங்கே தயங்கினார் என்பது நமக்குத் தெரியாது. ராணுவ ரகசியத்தை விட்டுவிட்டு மற்றதையாவது ஓராண்டு கழித்து வெளியிடலாமே. வாக்குப் போடுகிறவர்கள் கேட்கக் கூடாத ஆசை இல்லை இது.

லண்டன் போகிறவர்கள் அவை கூடும் வாரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை விசாரணை இருக்கும். ஆகஸ்ட் மாதம் விடுமுறை, போனால் பூட்டிய கதவுதான். ஊரிலிருந்து பார்ப்பவர்கள் 2021 செப்டம்பர் 1ஆம் தேதிப் பதிவில் தொடங்கி, அப்புறம் டிசம்பர் மாத அதிகாரிகள் விசாரணை, அதற்குப் பின் மே மாத அறிக்கை என்ற வரிசையில் போங்கள்.