38,500 ரூபாய்க்கு வந்து சேர்ந்த வேறொரு கிதார்

இசைக்கருவிகளை இணையத்தில் விற்கும் ஒரு தளத்தில் 38,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய அக்கூஸ்டிக் கிதார், விளம்பரத்தில் எழுதியிருந்த கிதாரே அல்ல. கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். தளத்தின் பெயரைச் சொன்னால் பதிவையே நீக்க வைத்துவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை. வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இடது மணிக்கட்டில் வலி வந்த பிறகு, ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் பகுதியின் நீளம்) குறைந்த, நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை) சற்றே அகன்ற கிதார் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தளத்தில் ஸ்கேல் நீளம் 628 மி.மீ., நட் அகலம் 44.5 மி.மீ., பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவதில்) ஆறாம் தந்தியின் உயரம் 2 மி.மீ. என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ளத் தொலைபேசியில் அழைத்தேன். பேசியவர் அவசரமே படவில்லை. விரல்களால் மீட்டுபவர்களுக்கு நட் அகலம் ஏன் முக்கியம் என்பதை அவரே எனக்கு விளக்கினார். “நானும் ஃபிங்கர்ஸ்டைல் வாசிப்பவன்தான் மேடம். கிதாரைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். அளந்து பார்த்துவிட்டேன், இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவேதான்” என்றார். விவரம் தெரிந்த ஒருவர் அளந்து சொல்கிறாரே என்ற நம்பிக்கையில், அந்த அழைப்பு முடிவதற்குள் 38,500 ரூபாயையும் அனுப்பிவிட்டேன்.

வந்த கிதாரில் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை 324 மி.மீ. இருக்கிறது, அது தந்தியின் பாதி நீளம் என்பதால், இரட்டித்தால் ஸ்கேல் நீளம் 648. நட் 42.5. ஆறாம் தந்தி பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே 3.5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது.

“2 மில்லிமீட்டர்தானே மேடம், பழகிவிடும்” என்பதுதான் இதைச் சொன்னபோது அவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பதில். நட்டில் குறைந்த அந்த 2 மில்லிமீட்டர், ஆறு தந்திகளுக்கு இடையிலான ஐந்து இடைவெளிகளில் பிரிந்து, தந்திக்குத் தந்தி 0.4 மி.மீ. குறைகிறது. சி கார்டு என்ற சுரக்கூட்டைப் பிடிக்கும்போது இரண்டாம் தந்தியில் வைத்த விரல் முதல் தந்தியை உரசி, அதன் ஒலியை அடைத்துவிடுவதற்கு அதுவே போதும். 648 மி.மீ. ஒன்றும் மட்டமான அளவு அல்ல, ஃபெண்டர் நிறுவனக் கிதார்களின் 25.5 அங்குலம் அதுதான், 628 என்பது கிப்சன் நிறுவனக் கிதார்களின் 24.75 அங்குலத்தை ஒட்டியது. ஆனால் அதே தடிமனுள்ள தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், இந்த 20 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல் இறுக்கத்தைக் கொண்டுவருகிறது. நான்காம் ஃப்ரெட்டை எட்ட விரல் இன்னும் 4 மி.மீ. விரிய வேண்டியிருக்கிறது. ஒலியும் மாறுகிறது. நீண்ட தந்தி கணீரென்று இறுக்கமாக ஒலிக்கும். நான் தேடியது சற்றுத் தளர்ந்த, உருண்ட ஒலியை. போதாக்குறைக்கு, இவ்வளவு உயரத்தில் நிற்கும் தந்தியை மேல் ஃப்ரெட்டுகளில் அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது.

இதையெல்லாம் எழுதி அனுப்பியதற்கு, அரை சுருதி இறக்கி முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொள்ளுமாறு யோசனை சொன்னார்கள். நீளம் அதனால் குறையும். தந்திகளின் இடைவெளி கூடுவதோ மயிரளவுதான். அடுத்து நட்டை மாற்றலாம் என்றார்கள். ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டே குறுகலாக இருக்கும்போது நட்டில் தந்திகளைத் தள்ளி வைத்தால், முதல் தந்தி பலகையின் விளிம்பிலிருந்து நழுவத்தானே செய்யும்? தந்திகளை மறுமுனையில் தாங்கும் பட்டையான சாடிலைத் தேய்த்து உயரத்தைக் குறைக்கலாம் என்று சொன்னவர்களே, தேய்த்துவிட்டால் கிதாரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றும் அதே மடலில் எழுதியிருந்தார்கள். பிறகு, எல்லாமே உற்பத்தியில் வரும் இயல்பான வேறுபாடு என்றார்கள். ஃப்ரெட்டுகளை வேறு கணக்கில் பதித்தால் ஒழிய ஸ்கேல் நீளத்தில் 20 மி.மீ. மாறாது என்பது கிதார் விற்பவர்களுக்குத் தெரியாதா? கடைசியாக வந்த மடலில், வாசிக்கும் உணர்வு ஆளுக்கு ஆள் மாறும், அதைக் குறைபாடாகக் கருத இயலாது என்று முடித்துக்கொண்டார்கள். நான் கேட்டது உணர்வைப் பற்றி அல்ல, அளவுகோல் காட்டும் எண்ணைப் பற்றி. ஃபிங்கர்ஸ்டைல் வாசிக்கும் அந்த அன்பரை எப்போது கேட்டாலும் விடுப்பில் இருக்கிறார். 38,500 ரூபாய் அவர்களிடம் இருக்கிறது. என்னால் வாசிக்க முடியாத கிதார் என்னிடம் இருக்கிறது.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு, நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

விரிவாக எழுதும் நிலையில் இப்போது இல்லை. நட்டிலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலும் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பாவிட்டால் வாங்காதீர்கள். தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். பெட்டியைத் திறப்பதைக் காணொளியாக எடுங்கள். அளந்து முடிக்கும்வரை எதையும் தேய்க்காதீர்கள், மாற்றாதீர்கள்.