பெயரில்லாத நீலக் குப்பியும் இறந்துபோன மூன்று தங்க மீன்களும்

கடந்த ஆடி மாதம் நாகர்கோவிலில் உள்ள ஒரு வண்ணமீன் கடையில் 2 அடி நீளத் தொட்டி, ஃபில்டர், நான்கு தங்க மீன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினேன். புதிய ஃபில்டரில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதையோ, அதுவரை மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா என்ற நச்சு நீரிலேயே தேங்கும் என்பதையோ கடைக்காரர் சொல்லவில்லை. எனக்கும் அன்று தெரியாது.

பன்னிரண்டாம் நாள் காலையில் நான்கு மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. செவுள் மூடியின் ஓரம் சிவந்திருந்தது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மக்களே, இது செவுள் புழு. இதுல பத்து சொட்டு விட்டா நாளைக்கே சரியாயிரும்” என்று பெயர்ச்சீட்டு ஏதுமில்லாத நீலக் குப்பி ஒன்றையும், அட்டையிலிருந்து பிரித்த ஆறு ஆன்டிபயாட்டிக் குளிகைகளையும் தந்து 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு மருந்துக்கு பில் கிடையாது என்றார். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை நாளானது என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. கிணற்று நீரில்தான் புழு வரும், ஆகவே முழுவதையும் இறைத்துவிட்டுக் குழாய் நீரை நிரப்பி, ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் நன்றாகப் பிழிந்து கழுவ வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நான் அப்படியே செய்தேன். குழாய் நீரில் குளோரின் இருக்கும். அது செவுளை அரிப்பதோடு, பஞ்சில் அப்போதுதான் ஒட்டத் தொடங்கிய பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். குளிகைகளைக் கொட்டிய சில மணி நேரத்தில் நீர் பழுப்பு மஞ்சளாகி, மேலே நுரை படர்ந்தது. மறுநாள் விடிந்தபோது இரண்டு மீன்கள் மிதந்தன. தொலைபேசியில் கேட்டபோது, மருந்தின் அளவை இரட்டிப்பாக்குங்கள் என்றார். அன்றிரவு மூன்றாவதும் போனது. என் மகள் அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அளவை ஊற்றியது என் கைதான் என்பது இன்னும் உறுத்துகிறது.

தக்கலையில் பல ஆண்டுகளாக வண்ணமீன் வளர்க்கும் என் அத்தான் சோதனைக் குப்பிகளுடன் வந்தார். அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்க வேண்டிய கரைசல் எங்கள் நீரில் கரும்பச்சையாக மாறியது. புழு என்பதற்கு ஓர் அறிகுறியும் அவருக்குத் தென்படவில்லை. ஒரு மீன் மட்டும் உடலைக் கற்களில் தேய்த்தாலோ, ரவை தூவியது போல் வெண்புள்ளிகள் தெரிந்தாலோ ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம் என்றும், எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் மேலே வந்து மூச்சு வாங்கினால் முதலில் நீரைத்தான் சோதிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். மருந்தை அடியோடு நிறுத்தி, உணவு போடாமல், தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை எங்கள் கிணற்று நீரால் மாற்றி, ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிட்டார். அம்மோனியாவிலிருந்து பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நைட்ரைட் என்ற நச்சு செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைக் குளோரைடு தடுக்கும் என்பதால், லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பைத் தனியே கரைத்துச் சேர்த்தார். ஐந்தாம் நாள் அந்த ஒரு மீன் கீழே இறங்கி நீந்தியது.

மெத்திலீன் புளூ போன்ற மருந்துகளுக்கு உரிய இடம் உண்டு; நான் அவற்றைப் பழிக்கவில்லை. ஆனால் அவையும் ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுப்பவை என்பதால், நோயுற்ற மீனைத் தனி வாளிக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். மருத்துவர் சீட்டின்றி விற்கவே கூடாத ஆன்டிபயாட்டிக்கைப் பிரித்துக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். தொட்டியின் கொள்ளளவைக் கேட்காதவர் தரும் அளவு வெறும் ஊகமே.

குப்பியில் இருப்பது என்ன என்று கடைக்காரரிடம் நேரில் சென்று கேட்டேன். “அது நம்ம கூட்டு, வெளியே சொல்ல மாட்டோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பினார். பில் இல்லாததால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கவும் என்னிடம் சான்று இல்லை. அவர் அப்போது பேசிக்கொண்டிருந்தவர் கையிலும் அதே நீலக் குப்பிதான் இருந்தது. வாசலில் அந்த வாடிக்கையாளரை நிறுத்தி, முதலில் தொட்டி நீரைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.